எத்தனை மூட்டை யூரியா? ஆப் சொல்ற பதிலை நம்பலாமா? மைசூரு வயல்களில் இருந்து ஒரு விளக்கம்

மைசூரு என்றதும் உங்களுக்கு அரண்மனை, தசரா, இல்லைனா இன்ஃபோசிஸ் பயிற்சி வளாகம் ஞாபகத்துக்கு வரலாம். தமிழ்நாட்டில் இன்ஜினீயரிங் முடித்த பலருக்கு முதல் வேலையின் முதல் சில மாதங்கள் அங்கேதான் கழிந்திருக்கும். அந்த வளாகத்தைத் தாண்டி வெளியே போனால் மாவட்டத்தின் இன்னொரு முகம் தெரியும். கே.ஆர். நகர், டி. நரசீபுரா பக்கம் வாய்க்கால் பாசன நெல். ஹுன்சூர், எச்.டி. கோட்டே பக்கம் மழையை நம்பிய ராகி, மக்காச்சோளம், பருத்தி. பெரும்பாலும் ஓரிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள்.

இவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் எடுக்க வேண்டிய முடிவுகள் சில: எந்தப் பயிர், எப்போது விதைப்பு, எவ்வளவு உரம். இந்த முடிவுகளுக்கு உதவத்தான் இன்று ஆப், எஸ்.எம்.எஸ்., குரல் அழைப்பு, ஏஐ சாட்பாட் என்று வரிசையாகக் கருவிகள் வருகின்றன. அவை எப்படிக் கணக்கு போடுகின்றன? உண்மையிலேயே பலன் தருகின்றனவா? எங்கே சிக்குகின்றன? ஊரில் உங்க அப்பா, தாத்தா பேரில் நிலம் இருந்தாலும் சரி, இந்த மாதிரி ஆப் கட்டும் கம்பெனியில் நீங்க வேலை பார்த்தாலும் சரி, தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் இவை.

பொதுப் பரிந்துரையில் என்ன பிரச்சினை?

வேளாண் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொரு பயிருக்கும், ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஓர் உர அளவை வெளியிடுகின்றன. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து இவ்வளவு கிலோ என்று. இது பல இடங்களில் சோதனை செய்து எடுத்த சராசரி. டாக்டர் ஒருவர் ஊரில் எல்லாருக்கும் ஒரே மாத்திரையை எழுதிக் கொடுப்பது மாதிரிதான்.

பக்கத்துப் பக்கத்து வயல்கள்கூட ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒருவர் தொழுவுரம் போட்டிருப்பார், இன்னொருவர் போன பருவத்தில் தட்டைப்பயறு விதைத்திருப்பார், மூன்றாமவர் வைக்கோலை மொத்தமாக விற்றிருப்பார். மைசூரின் செம்மண் மேட்டு நிலமும், காவிரி, கபினி வாய்க்கால் பாயும் பள்ள வயலும் சத்தைப் பிடித்து வைக்கும் விதமே வேறு. எல்லாருக்கும் ஒரே அளவு என்றால் ஒருவருக்கு அதிகம், இன்னொருவருக்குக் குறைவு.

அப்போ விவசாயி ஏன் யூரியாவை மட்டும் கூட்டிப் போடுறார்?

இதற்கு விடை அறியாமை இல்லை, விலை. 45 கிலோ யூரியா மூட்டை சுமார் ₹266. 50 கிலோ டிஏபி மூட்டை ₹1,350. பொட்டாஷ் மூட்டை ₹1,500-க்கும் மேல். அதாவது யூரியா கிலோ ஆறு ரூபாய்க்கும் கீழே, டிஏபி கிலோ ₹27.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கர் நெல்லுக்கு 40 கிலோ தழைச்சத்து, 20 கிலோ மணிச்சத்து, 20 கிலோ சாம்பல்சத்து தேவை என்று வைத்துக்கொள்வோம். டிஏபியில் 46 சதவீதம் மணிச்சத்து இருக்கிறது. எனவே 20 கிலோ மணிச்சத்துக்கு 43.5 கிலோ டிஏபி போதும். அதிலேயே 18 சதவீதம் தழைச்சத்தும் இருப்பதால் கிட்டத்தட்ட 8 கிலோ கூடவே வந்துவிடும். மிச்சம் 32 கிலோ தழைச்சத்துக்கு 70 கிலோ யூரியா. 60 சதவீதம் சத்துள்ள பொட்டாஷில் 33 கிலோ. ஆக, யூரியா ஒன்றரை மூட்டைக்குக் கொஞ்சம் மேல், டிஏபி ஒரு மூட்டைக்குள், பொட்டாஷ் முக்கால் மூட்டைக்கும் குறைவு.

இதே வயலில் ஒருவர் பழக்கத்தில் மூன்று மூட்டை யூரியா போடுகிறார் என்று வையுங்கள். 65 கிலோ கூடுதல். பணமாகப் பார்த்தால் ₹385-தான். நகரத்தில் ஒரு வேளை சாப்பாட்டு ஆர்டர் செலவு. பயிர் வெளுத்துப் போய்விடுமோ என்ற பயத்துக்கு எதிரான மலிவான இன்ஷூரன்ஸ் அது. இலை கரும்பச்சையாக மாறுவதைக் கண்ணால் பார்க்கவும் முடியும். 'யூரியாவைக் குறைங்க, காசு மிச்சமாகும்' என்று மட்டும் சொல்லும் ஆப் ஏன் எடுபடாது என்பதற்கு இந்த ₹385-தான் காரணம்.

ஆனா அந்தக் கூடுதல் யூரியாவின் உண்மையான விலை மூட்டையில் அச்சிடப்படுவதில்லை. தழைச்சத்து அதிகமானால் நெல் சாயும், புகையான் பூச்சியும் குலைநோயும் எளிதில் வரும். தண்ணீர் நிற்கும் நெல் வயலில் போடும் தழைச்சத்தில் பாதிக்கும் குறைவாகவே பயிருக்குப் போய்ச் சேர்கிறது. மிச்சம் காற்றில் போகிறது, நிலத்தடி நீரில் நைட்ரேட்டாக இறங்குகிறது. வயலில் இருந்து வெளியேறும் நைட்ரஸ் ஆக்சைடு, கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு.

மண்வள அட்டை இருக்கே, அது போதாதா?

மத்திய அரசு 2015 பிப்ரவரியில் ராஜஸ்தானின் சூரத்கரில் மண்வள அட்டைத் திட்டத்தைத் தொடங்கியது. கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச் சத்து, மூன்று பேரூட்டங்கள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் என 12 அளவுகள் அட்டையில் வரும். கூடவே உரப் பரிந்துரையும். நாடு முழுக்க 20 கோடிக்கும் மேற்பட்ட அட்டைகள் வழங்கப்பட்டுள்ளன.

இங்கே கவனிக்க வேண்டியது மாதிரி எடுக்கும் முறை. பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மண் மாதிரி, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று. அதாவது ஆறு ஏக்கருக்கு ஒன்று, 25 ஏக்கருக்கு ஒன்று. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஒரு விவசாயியிடம் இருக்கும் சராசரி நிலம் 1.08 ஹெக்டேர். தமிழ்நாட்டில் 0.75 ஹெக்டேர். கணக்கு புரியுதா? உங்க பேர் போட்ட அட்டையில் இருக்கும் எண்கள், உங்க வயலில் எடுத்த மண்ணுடையதாக இல்லாமலே இருக்கலாம்.

இரண்டாவது சிக்கல், அட்டையின் மொழி. 'ஒரு ஹெக்டேருக்கு இத்தனை கிலோ' என்று அது பேசுகிறது. மைசூரு விவசாயி நிலத்தை ஏக்கர், குண்டாவில் அளக்கிறார். 40 குண்டா ஓர் ஏக்கர். நம்ம ஊரில் 100 சென்ட். உரத்தை மூட்டையில் எண்ணுகிறார். ஹெக்டேர் கிலோவை ஏக்கர் மூட்டையாக மாற்றும் வேலையை அட்டை விவசாயியின் தலையில் கட்டிவிட்டது.

இதன் விளைவை ஆய்வாளர்கள் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். பீகாரின் மூன்று மாவட்டங்களில் ராம் ஃபிஷ்மன், அவினாஷ் கிஷோர் குழுவினர் செய்த ஆய்வில், மண் பரிசோதனை செய்து பரிந்துரை கொடுத்த பிறகும் விவசாயிகளின் உரப் பயன்பாட்டில் குறிப்பிடும்படி மாற்றம் வரவில்லை. பரிந்துரை புரியவில்லை, புரிந்தவர்களுக்கும் அதன் மேல் நம்பிக்கை வரவில்லை என்பவை காரணங்களாகச் சொல்லப்பட்டன.

சரி, ஒரு ஆப் எப்படிக் கணக்கு போடுது?

உள்ளே ஓடுவது பெரும்பாலும் இரண்டு வகைக் கணக்கு.

முதல் வகை, மண் பரிசோதனையை வைத்து. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1967-ல் தொடங்கிய 'மண் பரிசோதனை - பயிர் ஏற்புத்திறன்' திட்டம் இதன் தாய்வீடு. இதில் விளைச்சல் இலக்குக் கோட்பாட்டை வடிவமைத்தவர் பி. ராமமூர்த்தி. கணக்கு எளிமையானது. உங்களுக்கு எத்தனை டன் வேண்டும் என்று முதலில் சொல்லணும். அந்த விளைச்சலுக்குப் பயிர் எடுக்கும் சத்து எவ்வளவு, மண் தரும் சத்து எவ்வளவு, தொழுவுரம் தருவது எவ்வளவு என்று கழித்தால் மிச்சம் உரமாகப் போட வேண்டியது. ஒரு டன் நெல் விளையப் பயிர் சுமார் 15 முதல் 20 கிலோ தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும் என்பது போன்ற எண்கள் இதில் வரும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் உரப் பரிந்துரை மென்பொருளும் இந்தப் பாதையில் வந்ததுதான்.

இரண்டாவது வகை, மண் பரிசோதனையே இல்லாமல் கேள்விகளை வைத்து. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் ஆசிய நெல் வயல்களில் உருவாக்கிய 'இடத்துக்கேற்ற சத்து மேலாண்மை' முறையில் இருந்து பிறந்தது இது. 'நியூட்ரியண்ட் எக்ஸ்பர்ட்', 'ரைஸ் கிராப் மேனேஜர்' இரண்டும் இந்த வகை. கடந்த சில வருஷமா எவ்வளவு விளைஞ்சது? மண் என்ன நிறம், மணலா களியா? வைக்கோலை வயலிலேயே விட்டீங்களா? முந்தின பயிர் என்ன? தொழுவுரம் எத்தனை வண்டி? தண்ணீர் நிச்சயமா உண்டா? இப்படிப் பத்து, பதினைந்து கேள்வி. உரம் போடாமலே இந்த நிலம் எவ்வளவு தரும், முழுச் சத்து கிடைத்தால் எவ்வளவு தரும் என்ற இடைவெளியை அது கணிக்கிறது. அந்த இடைவெளியை நிரப்பத் தேவையான உரம்தான் பரிந்துரை. மண் ஆய்வகம் எட்டாத தூரத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி.

தழைச்சத்து விஷயத்தில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. அது மண்ணில் நிலையாக நிற்காது. ஏப்ரலில் எடுத்த மண் மாதிரி, ஆகஸ்டில் பயிருக்கு என்ன பசி என்று சொல்லாது. அதனால் பயிரையே கேட்பது நல்லது. இலை வண்ண அட்டை செய்வது அதைத்தான். பச்சையின் பல சாயல்கள் அச்சிட்ட ஒரு பிளாஸ்டிக் பட்டை. நடவு செய்து 14 நாளில் இருந்து வாரம் ஒரு முறை இலையை அதோடு ஒப்பிட்டு, நிறம் வரம்புக்குக் கீழே போனால் மட்டும் யூரியா. வெள்ளைப் பொன்னிக்கு வரம்பு 3, மற்ற பெரும்பாலான ரகங்களுக்கு 4 என்கிறது கோவை வேளாண் பல்கலைக்கழகம். சார்ஜும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம். இதோடு போட்டி போட்டு ஜெயிக்க முடியாத ஆப் எதற்கு என்பது நியாயமான கேள்வி.

கர்நாடகா இதை எப்படிச் செய்தது?

இந்தியாவில் மண் தகவலை வயலுக்குக் கொண்டுபோன பெரிய முயற்சிகளில் ஒன்று கர்நாடகாவில் நடந்தது. பேரு 'பூசேதனா'. 2009-ல் ஹைதராபாத் அருகே உள்ள இக்ரிசாட் நிறுவனமும் மாநில அரசும் ஆறு மாவட்டங்களில் தொடங்கி, மூன்றே ஆண்டுகளில் மைசூரு உட்பட மாநிலத்தின் அத்தனை மாவட்டங்களுக்கும் விரித்தார்கள். பல்லாயிரக்கணக்கான மண் மாதிரிகளைச் சோதித்ததில் வெளிப்பட்ட விஷயம்: பாதிக்கும் மேற்பட்ட நிலங்களில் குறைவாக இருந்தவை கந்தகம், துத்தநாகம், போரான். யாரும் கவனிக்காத இந்த நுண்ணூட்டங்கள்தான் ராகியையும் மக்காச்சோளத்தையும் பிடித்து நிறுத்தியிருந்தன.

அதன்படி தாலுகா வாரியாகப் பரிந்துரை தயாரானது. முடிவு? ராகி, மக்காச்சோளம், நிலக்கடலை போன்ற பயிர்களில் விளைச்சல் 20 முதல் 66 சதவீதம் வரை கூடியதாக இக்ரிசாட் பதிவு செய்திருக்கிறது. திட்டத்தை நடத்தியவர்களே சொன்ன எண்கள் இவை என்பதையும், நல்ல மழை கிடைத்த ஆண்டுகளின் பங்கும் அதில் இருக்கலாம் என்பதையும் சேர்த்தே படிக்கணும்.

ஆனா பூசேதனாவில் இருந்து கற்க வேண்டியது அந்தச் சதவீதத்தைவிட, அதன் அமைப்பை. மண் வரைபடம் மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. கிராமத்திலேயே வாழும் ஒருவரைப் பயிற்சி கொடுத்து ஆலோசகராக நிறுத்தினார்கள். பரிந்துரைத்த ஜிப்சம், துத்தநாக சல்பேட், போராக்ஸ் மூன்றும் ஹோப்ளி அளவில் உள்ள 'ரைத சம்பர்க்க கேந்திரா'வில் பாதி விலையில் கிடைத்தன. ஹோப்ளி என்பது நம்ம ஊர் பிர்கா மாதிரி. தகவல், ஆள், பொருள் மூன்றும் விதைப்புக்கு முன்பே ஒரே இடத்தில் இருந்தன. இன்றைய ஆப்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் முதலாவதை மட்டுமே தருகின்றன.

விதைப்புத் தேதியையும் சொல்லுமா?

மானாவாரி ராகிக்கு உரத்தைவிடத் தேதி முக்கியம். முதல் மழையை நம்பி விதைத்து, அடுத்த மூன்று வாரம் வானம் பார்க்க வைத்தால் விதையும் போச்சு, உழவுக் கூலியும் போச்சு.

2016-ல் மைக்ரோசாஃப்டும் இக்ரிசாட்டும் ஆந்திராவின் கர்னூல் மாவட்டம் தேவனகொண்டாவில் 175 நிலக்கடலை விவசாயிகளுக்குத் தெலுங்கு எஸ்.எம்.எஸ். மூலம் விதைப்புத் தேதி சொன்னார்கள். 'இப்போ வேண்டாம், பொறுங்க' என்பதுதான் முக்கியச் செய்தி. பொறுத்தவர்களுக்குச் சராசரியாக 30 சதவீதம் கூடுதல் விளைச்சல் என்று அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே கர்நாடகாவுக்கும், ராகி, மக்காச்சோளம், நெல் பயிர்களுக்கும் அது விரிந்தது.

2025 கரீஃப் பருவத்தில் மத்திய வேளாண் அமைச்சகம், ஏஐ வழியாகக் கணித்த பருவமழைத் தொடக்கத்தை 13 மாநிலங்களில் சுமார் 3.8 கோடி விவசாயிகளுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பியது. மழை தொடங்கிய பிறகு நடுவே ஏற்பட்ட நீண்ட தேக்கத்தை அது முன்கூட்டியே சொன்னது. கர்நாடகாவுக்கு இதில் ஏற்கெனவே நல்ல அடித்தளம் உண்டு. மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம் கிராமப் பஞ்சாயத்து அளவில் தானியங்கி மழைமானிகளை நட்டு, 'வருண மித்ரா' என்ற உதவி எண்ணில் விவசாயிகளுக்கு மழை நிலவரம் சொல்கிறது. பக்கத்து ஊரில் பெய்த மழையும் நம்ம வயலில் பெய்த மழையும் வேறு என்பது விவசாயிக்குத் தெரியும். இப்போ அது கம்ப்யூட்டருக்கும் தெரியும்.

மொத்தத்தில் பலன் இருக்கா, இல்லையா?

இருக்கு. ஆனா விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு இல்லை. மூன்று ஆய்வுகளைப் பார்ப்போம்.

* வட இந்திய கங்கைச் சமவெளியில் நெல், கோதுமை வயல்களில் 1,594 ஒப்பீட்டுச் சோதனைகள் நடந்தன. 2021-ல் வெளியான முடிவு: நியூட்ரியண்ட் எக்ஸ்பர்ட் சொன்னபடி உரமிட்ட பாதியில் விளைச்சல் 4 முதல் 8 சதவீதம் அதிகம், தழைச்சத்து 15 முதல் 35 சதவீதம் குறைவு.
* நைஜீரியாவில் 'ரைஸ் அட்வைஸ்' என்ற ஆப் மூலம் தனித்தனிப் பரிந்துரை பெற்ற நெல் விவசாயிகளுக்கு விளைச்சல் 7 சதவீதமும் லாபம் 10 சதவீதமும் கூடின. மொத்த உர அளவு கூடவில்லை. எந்த உரம், எவ்வளவு என்ற விகிதம்தான் மாறியது.
* பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து, நோபல் பரிசு பெற்ற மைக்கேல் கிரெமர் உள்ளிட்டோர் 2019-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். போன் வழி ஆலோசனையால் விளைச்சல் சராசரியாக 4 சதவீதம் கூடுகிறது என்பது அவர்கள் கணிப்பு.

4 சதவீதம்தானா என்று தோன்றும். ஆனா ஒரு எஸ்.எம்.எஸ்., ஒரு குரல் அழைப்புக்கு ஆகும் செலவு சில பைசாக்கள். லட்சக்கணக்கான பேருக்கு அனுப்பும்போது அந்தச் சின்னச் சதவீதம் பெரிய தொகையாகிறது. அதே சமயம், 'எங்க ஆப்பில் வருமானம் இரட்டிப்பு' என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானிக்கலாம்.

எங்கே சிக்குது?

முதல் சிக்கல், நிலம் யார் பேரில். கர்நாடகாவில் விவசாயிகளின் அடையாள எண், பயிர்க் கணக்கெடுப்பு, மானியம் எல்லாமே 'பஹணி' எனப்படும் நிலப் பதிவோடு பிணைந்தவை. நம்ம பட்டா, சிட்டா, அடங்கல் மாதிரி. 1974-ல் முதல்வராக இருந்த தேவராஜ் அர்ஸ், இதே மைசூரு மாவட்டத்தின் ஹுன்சூர்காரர், கொண்டுவந்த நிலச் சீர்திருத்தம் உழுதவருக்கு நிலத்தைக் கொடுத்தது. கூடவே விவசாய நிலத்தைக் குத்தகைக்கு விடுவதையும் பொதுவாகத் தடை செய்தது. நோக்கம் நல்லது. ஆனா குத்தகை நிற்கவில்லை, வாய்ப்பேச்சாகத் தொடர்கிறது. இன்று வயலில் நிற்கும் குத்தகைதாரருக்கு எந்தப் பதிவும் இல்லை. நிலப் பதிவை வைத்து லாகின் கேட்கும் ஆப், ஊரை விட்டுப் போய்விட்ட நில உரிமையாளரின் போனுக்கு ஆலோசனை அனுப்பிக்கொண்டிருக்கும். களை எடுப்பதில் இருந்து நடவு வரை பாதி வேலை பார்க்கும் பெண்களின் பேரிலும் பெரும்பாலும் நிலம் இல்லை.

இரண்டாவது, கடையில் சரக்கு. 2025 ஜூலையில் கர்நாடகாவில் யூரியா தட்டுப்பாடு வந்தது. மத்திய அரசு ஒதுக்கிய அளவு வரவில்லை என்று மாநிலமும், போதுமான அளவு கொடுத்துவிட்டோம் என்று மத்திய அரசும் மாறி மாறிச் சொன்னன. விவசாயி வரிசையில் நின்றார். 'இன்றே 25 கிலோ மேலுரம் இடவும்' என்று போனில் வரும் செய்திக்கு அந்த வாரம் எந்த அர்த்தமும் இல்லை. ஆப்பின் கணக்கில் கடை இருப்பும் சேர வேண்டும்.

மூன்றாவது, ஆலோசனை சொல்பவருக்கு என்ன லாபம். இலவசமாக ஆலோசனை தரும் பல தனியார் தளங்கள், உரமும் மருந்தும் விற்பவையாகவும் இருக்கின்றன. எதுவும் வாங்க வேண்டாம் என்று சொல்ல அவற்றுக்குக் காரணமே இல்லை. உள்ளூர் உரக்கடைக்காரரும் இதைத்தானே செய்கிறார் என்று கேட்கலாம். வித்தியாசம் உண்டு. கடைக்காரர் கடன் கொடுக்கிறார், தப்பா போனால் அடுத்த நாள் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கலாம்.

நான்காவது, மொழி. கன்னடம், தமிழ் இருந்தால் போதாது. ஏட்டுக் கன்னடத்தில் 'சாரஜனக' என்று எழுதினால் புரியாத விவசாயிக்கு 'யூரியா' என்றால் உடனே புரியும். படிக்கத் தெரியாதவருக்குக் குரல்தான் வழி. பக்கத்து மலைநாட்டுக் காபி விவசாயிகளுக்காக 2018-ல் காபி வாரியம் தொடங்கிய 'காபி கிருஷி தரங்கா' கன்னடக் குரல் அழைப்பாகவே வந்தது. சாதாரண பட்டன் போனே அதற்குப் போதும்.

ஏஐ சாட்பாட் எல்லாத்தையும் சரி பண்ணிடுமா?

ஒரு பெரிய தடையை அது உடைக்கிறது. விவசாயி தன் பேச்சு வழக்கில் கேட்கலாம், குரலிலேயே பதில் வரும். பெங்களூருவில் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சி மையத்தில் 2006-ல் முளைத்த 'டிஜிட்டல் கிரீன்' அமைப்பு, வீடியோவில் தொடங்கி இப்போ 'ஃபார்மர் சாட்' என்ற ஏஐ உதவியாளர் வரைக்கும் வந்திருக்கிறது. பி.எம். கிசான் திட்டத்துக்கும் அரசு 2023-ல் ஒரு சாட்பாட் கொண்டுவந்தது.

ஆனா நீங்க ஆபீஸில் ஏஐ பயன்படுத்துறவர்தானே? தெரியாத விஷயத்தையும் அது எவ்வளவு உறுதியாகச் சொல்லும் என்று பார்த்திருப்பீங்க. ஒரு ஈமெயிலில் தப்பு வந்தால் திருத்தி அனுப்பலாம். களைக்கொல்லி அளவில் ஒரு புள்ளி இடம் மாறினால் பயிர் கருகும், அந்தப் பருவம் திரும்பி வராது. ஹெக்டேரையும் ஏக்கரையும் குழப்பினால் போதும், அளவு இரண்டரை மடங்காகிவிடும். அந்த நஷ்டத்துக்கு இன்றைக்கு யாரும் பொறுப்பில்லை. விதை கெட்டுப் போனால் நுகர்வோர் நீதிமன்றம் போகலாம், இலவச ஆலோசனை கெட்டுப் போனால்? அதனால் நல்ல கருவியின் அடையாளம், பல்கலைக்கழகப் பரிந்துரைக்குள் நின்று பதில் சொல்வதும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லி மனிதரிடம் கைமாற்றி விடுவதும்.

தகவல் யாருக்குச் சொந்தம்?

2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ₹2,817 கோடியில் டிஜிட்டல் வேளாண் இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 11 கோடி விவசாயிகளுக்கு ஆதார் போன்ற அடையாள எண், டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்பு, 14 கோடி ஹெக்டேருக்கு விரிவான மண் வரைபடம் ஆகியவை இதில் வரும். மண் வரைபடம் சரியாக வந்தால், ஆறு ஏக்கருக்கு ஒரு மாதிரி என்ற குறை பெருமளவு தீரும்.

மறுபக்கம், எந்த வயலில் என்ன பயிர், எவ்வளவு விளையும், யாருக்குக் கடன் என்பதெல்லாம் வியாபாரிக்கும் வங்கிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் மதிப்புள்ள தகவல். 2023-ன் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல் கேட்கச் சொல்கிறது. ஆங்கிலத்தில் 12 பக்கம் ஓடும் விதிமுறைக்குக் கீழே 'சம்மதம்' பொத்தானைத் தட்டுவது எந்த வகையில் ஒப்புதல் என்பது இன்னும் தீராத கேள்வி.

உங்க வீட்டு நிலத்துக்கு என்ன செய்யலாம்?

ஊருக்குப் போகும் அடுத்த லீவில் இதைச் செய்து பாருங்க:

1. மண் எடுப்பது: அறுவடை முடிந்து, உரம் போடாத நிலையில். வரப்பு ஓரம், மரத்தடி, எருக்குழி பக்கம் வேண்டாம். வயலில் குறுக்கும் நெடுக்குமாக 10 முதல் 15 இடம். ஒவ்வொன்றிலும் ஆங்கில 'வி' வடிவில் அரை அடி ஆழம் வெட்டி, ஓரத்து மண்ணை மேலிருந்து கீழ் வரை ஒரே கனமாகச் சீவுங்க. பிளாஸ்டிக் வாளியில் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பாதிகளை நீக்கிக்கொண்டே வந்து அரை கிலோவில் நிறுத்துங்க. நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட்டுப் பெயர், சர்வே எண், அடுத்த பயிர் எழுதிக் கொடுங்க.
2. எங்கே கொடுப்பது: மாவட்ட மண் பரிசோதனை நிலையம் அல்லது வேளாண் அறிவியல் நிலையம். மைசூரு பக்கம் என்றால் நஞ்சன்கூடு தாலுகா சுத்தூரில் ஜே.எஸ்.எஸ். வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு.
3. போனில்: தமிழ்நாட்டில் 2018-ல் வந்த 'உழவன்' ஆப், சர்வே எண்ணைக் கொடுத்தால் மண் நிலையும் உரப் பரிந்துரையும் காட்டும் 'தமிழ் மண்வளம்' இணையதளம், வானிலைக்கு 'மேகதூத்'. ஆளோடு பேசணும்னா கிசான் அழைப்பு மையம் 1800-180-1551. தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம்.
4. சோதனைக்கு ஒரு மூலை: ஆப் சொன்னதை முழு நிலத்திலும் உடனே செய்யச் சொல்லி அப்பாவிடம் சண்டை வேண்டாம். பத்து சென்ட் ஒதுக்கி அங்கே மட்டும் ஆப் கணக்கு, மிச்சத்தில் வழக்கம். அறுவடையில் இரண்டையும் தனித்தனியே எடை போடுங்க. செலவையும் எழுதி வையுங்க.
5. ஆப்பைக் கேட்க வேண்டிய கேள்விகள்: யாருடைய பரிந்துரை இது? என் மண்ணையோ, என் விளைச்சலையோ கேட்டதா? அளவு ஏக்கருக்கா ஹெக்டேருக்கா? இதே கம்பெனி எனக்கு உரமும் விற்கிறதா?

நீங்க இந்த மாதிரி ஆப் கட்டும் பக்கத்தில் இருப்பவர் என்றால், இதே ஐந்தாவது பட்டியலை உங்க டீம் மீட்டிங்கில் வைத்துப் பாருங்க. பரிந்துரை மூட்டைக் கணக்கில் வருகிறதா? நெட் இல்லாத எச்.டி. கோட்டே காட்டோர ஊரில் திறக்கிறதா? நிலம் தன் பேரில் இல்லாத ஒருவர் உள்ளே வர முடியுமா?

பத்து சென்ட் சோதனை ஜெயித்தால் அடுத்த பருவம் அது ஓர் ஏக்கர் ஆகும், வரப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் எட்டிப் பார்த்து என்ன போட்டீங்க என்று கேட்பார். விவசாயத்தில் புதுசு எதுவும் பெரும்பாலும் அப்படித்தான் பரவியிருக்கிறது. மண் மாதிரி எடுக்கச் சரியான நேரம், அறுவடைக்கும் அடுத்த உழவுக்கும் நடுவில் நிலம் சும்மா கிடக்கும் அந்தச் சில வாரங்கள்தான். முடிவு வரவும் நாள் ஆகும் என்பதால், இந்த முறை அறுவடை எப்போன்னு வீட்டுக்கு இன்றே ஒரு போன் போட்டுக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.